மதில் கட்டியவர்களும் வயலுக்கு ஓடியவர்களும்



கடந்த மூன்று மாதங்களாக ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கெபியின் அருகே நின்று நீங்கள் பேசிக்கொள்வது என் காதிலும் விழுகிறது. 'கோவில் வேலைக்காரர்களை நிறுத்தப்போகிறார்களாம்' என்கிறார்கள் சிலர். 'சாமியார் எல்லா வேலையையும் நம் தலையில் கட்டிவிட்டு ஓய்வெடுக்கப் போகிறாராம்' என்கிறார்கள் வேறு சிலர். இரண்டாவது பேச்சைக் கேட்டுச் சிரித்தேன். முதலாவது பேச்சைக் கேட்ட இரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை; ஏனெனில் அது முற்றிலும் பொய்யன்று.

நம் பங்கில் ஊதியம் பெற்றுப் பணிபுரிவோர் ஐவர்: உபதேசியார், கோவில்பிள்ளை, அலுவலக எழுத்தர், இரவுக் காவலர், துப்புரவு செய்யும் அம்மா. ஆலயக் கூரையைப் பழுதுபார்த்த பின்னர் நம் கையிருப்பு எந்நிலையில் உள்ளது என்பதை ஆண்டுக் கணக்கு வாசிக்கப்பட்டபோது நீங்கள் அறிந்தீர்கள். ஆகவே நிதிக்குழுவில் ஓர் ஆலோசனை எழுந்தது. கோவில்பிள்ளையையும் துப்புரவு செய்யும் அம்மாவையும் நிறுத்திவிட்டு, அவர்கள் செய்துவரும் வேலைகளை அன்பியங்கள் முறைவைத்து இலவசமாகச் செய்யலாம் என்பதே அது. முன்மொழிந்தவர் நல்ல மனத்துடன்தான் முன்மொழிந்தார். பொதுநிலையினரின் பங்கேற்பைப் பற்றி நான் மறையுரைகளில் பேசியவற்றையே எனக்கு எடுத்துக்காட்டினார். நான் விடையின்றி அமர்ந்திருந்தேன். அன்று சொல்லத் தவறிய விடையை இவ்வாரம் எழுத விரும்புகிறேன்.

நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரத்தை நீங்கள் எப்போதேனும் முழுமையாக வாசித்திருக்கிறீர்களா? பெரும்பாலோர் வாசித்திருக்கமாட்டீர்கள். குருத்துவக் கல்லூரியில் நானும் அதைத் தாண்டிச் சென்றவனே. அது வெறும் பெயர்ப்பட்டியல். எருசலேமின் இடிந்த மதிலில் யார் எந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்பதைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. ஆயினும் பங்கு நிர்வாகம் பற்றி விவிலியத்தில் அதைவிடச் சிறந்த பாடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பட்டியல் தலைமைக் குருவிடமிருந்து தொடங்குகிறது. அவரும் உடன்குருக்களும் ஆட்டு வாயிலைக் கட்டுகிறார்கள். கட்டளையிட்டுவிட்டு நிழலில் நிற்கவில்லை. அடுத்து வருவோரில் பொற்கொல்லர் உண்டு, நறுமணத் தைலம் செய்பவர் உண்டு, வணிகர் உண்டு. கொத்துவேலை இவர்களுடைய தொழில் அன்று. மென்மையான நகைவேலைக்குப் பழகிய விரல்கள் கருங்கல்லைத் தூக்கின. பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியையே கட்டினார்கள். எருசலேம் மாவட்டத்தின் பாதிக்குத் தலைவராயிருந்த ஒருவர் தம் புதல்வியருடன் வந்து கட்டினார் என்று ஒரு வசனம் சொல்கிறது. பெண்களைக் கணக்கில் எழுதும் வழக்கம் அருகியிருந்த காலத்தில் எழுதப்பட்ட வசனம் அது. குப்பைமேட்டு வாயில் என்றொரு வாயில் இருந்தது. நகரத்தின் கழிவெல்லாம் வெளியேறும் இடம். அதைக் கட்டி, கதவு பொருத்தி, தாழ்ப்பாள் போட்டவர் கூலியாள் அல்லர். அவரும் ஒரு மாவட்டத் தலைவரே. தெக்கோவா ஊர்மக்களும் கட்டினார்கள். ஆனால் அவ்வூர் உயர்குடியினர் இந்த வேலைக்குத் தங்கள் கழுத்தை வளைக்கவில்லை என்ற செய்தியும் அப்படியே பதிவாகியிருக்கிறது. தங்கள் பெரியவர்கள் வராததால் அவ்வூர் எளியவர்கள் சோர்ந்துவிடவில்லை. முதல் பகுதியை முடித்துவிட்டு இரண்டாவது பகுதியையும் எடுத்துக் கட்டினார்கள். மதில் 52 நாள்களில் நிறைவுற்றது.

தன்னார்வப் பணியைப் பற்றி மறையுரையாற்றும் எவருக்கும் இது இனிய பகுதி. நானும் இதோடு நிறுத்திக்கொண்டால் நிதிக்குழுவின் ஆலோசனை வென்றுவிடும். ஆனால் அதே நூலின் 13-ஆம் அதிகாரமும் இருக்கிறது.

நெகேமியா சிலகாலம் அரசரிடம் சென்றுவிட்டு எருசலேமுக்குத் திரும்பி வருகிறார். கோவிலில் லேவியரும் இல்லை, பாடகரும் இல்லை. விசாரிக்கிறார். அவர்களுக்குச் சேரவேண்டிய பங்கு கொடுக்கப்படவில்லை. ஆகவே பிழைப்புக்காக ஒவ்வொருவரும் தம் வயலுக்கு ஓடிப்போய்விட்டனர் என்று தெரியவருகிறது. அவர்களுக்குரிய தானியமும் எண்ணெயும் வைக்கப்படவேண்டிய பெரிய அறையோ, செல்வாக்குள்ள ஒருவரின் சொந்த உபயோகத்துக்கு விடப்பட்டிருந்தது. விட்டவர் யார் தெரியுமா? பொருளறைகளுக்குப் பொறுப்பாயிருந்த குருவே. நெகேமியா அந்த மனிதரின் தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எறிகிறார். அலுவலரைக் கண்டிக்கிறார். ஓடிப்போனவர்களைத் திரும்ப வரவழைத்து அவரவர் பணியில் நிறுத்துகிறார். பிறகு நம்பிக்கைக்குரியவர்கள் என்று பெயரெடுத்த சிலரைப் பொருளறைகளுக்கு நியமிக்கிறார்: ஒரு குரு, ஓர் எழுத்தர், ஒரு லேவியர், அவர்களுக்கு ஓர் உதவியாளர். பகிர்ந்து கொடுப்பதே அவர்களுடைய கடமை. நிதிக்குழு என்று நாம் அழைப்பதன் பழைய உருவம் இது.

மதிலுக்குத் தன்னார்வத் தொண்டர்களைத் திரட்டியவர் இதே நெகேமியாதான் என்பதைக் கவனியுங்கள். ஊர்கூடி ஒரு மதிலையே இலவசமாகக் கட்டிய மக்கள்தாமே, கோவில் வேலையையும் முறைவைத்துச் செய்யட்டும் என்று அவர் சொல்லவில்லை. பிழைப்பையே இறைவன் இல்லத்தோடு பிணைத்துக்கொண்டவனின் உணவில் கைவைப்பதை, அந்த இல்லத்தையே கைவிடுவதாகக் கருதினார்.

இதை நான் நூலறிவால் மட்டும் எழுதவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் நான் இதே தவற்றைச் செய்தேன். புதிய பங்குத்தந்தை, கை நிறையத் திட்டங்கள். இளைஞர் இயக்கத்தினர் நாற்பது பேர் வந்து, 'சாமி, பீட வேலை, மணி, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்றார்கள். அங்கிருந்த கோவில்பிள்ளைக்கு அறுபது வயது நெருங்கியிருந்தது. அவருக்கு ஒரு பொன்னாடையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து, பாராட்டுவிழா நடத்தி அனுப்பிவைத்தோம். கைதட்டல் பலமாக இருந்தது. திருவிழா வரை எல்லாம் சிறப்பாகவே நடந்தது. கொடியிறக்கிய பிறகு ஒருவர் வேலைக்காகச் சென்னை சென்றார், ஒருவர் வளைகுடா நாட்டுக்குச் சென்றார், மாணவர்களுக்குத் தேர்வு வந்தது. எவரையும் குறைசொல்வதற்கில்லை. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் அதிகாலை நான் எழுந்து வந்தபோது ஆலயக் கதவு பூட்டியிருந்தது; மழையில் ஏழெட்டு மூதாட்டிகள் முக்காடிட்டு நின்றிருந்தார்கள். அவர்களோடு பழைய கோவில்பிள்ளையும் நின்றிருந்தார். நாற்பது ஆண்டுகள் சாவி வைத்திருந்தவர், சாவியில்லாமல் நின்றார்.

அடுத்த ஆண்டு ஒரு திருமண மண்டபத்தின் வாயிலில் அவரைக் காவலர் உடையில் கண்டேன். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, 'தோத்திரம் சாமி' என்றார். அவ்வளவுதான் சொன்னார். வயலுக்கு ஓடிய லேவியர்களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த உடை நினைவுக்கு வருகிறது. (அந்தச் சுவர்க்கடிகாரம் நான் தேர்ந்தெடுத்தது. வேலையில்லாத ஒருவருக்கு நேரம் காட்டும் கருவியைப் பரிசளித்த என் அறிவை என்னவென்பது!)

நம் திருஅவைச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் 230-ஆம் சட்டம், வாசகர், பீடத்துணைவர் ஆகிய திருப்பணிகளில் ஏற்படுத்தப்படும் பொதுநிலையினர் அதன் காரணமாக ஊதியம் கோரும் உரிமை பெறுவதில்லை என்கிறது. அடுத்துவரும் 231-ஆம் சட்டமோ, திருஅவையின் தனிப்பட்ட பணிக்குத் தம்மை ஒப்படைத்த பொதுநிலையினருக்குத் தம் குடும்பத்தையும் தாங்கும் அளவுக்குத் தகுந்த ஊதியம் பெறும் உரிமை உண்டு என்கிறது. முதுமைக்கும் நோய்க்கும் உரிய பாதுகாப்பையும் சேர்த்தே பேசுகிறது. 1286-ஆம் சட்டம், பணியமர்த்துவோர் நாட்டின் தொழிலாளர் சட்டங்களைக் கடைப்பிடிக்கவேண்டும் என்றும், நேர்மையான கூலி கொடுக்கவேண்டும் என்றும் பணிக்கிறது. கொடையாகத் தரப்படும் பணி ஒன்று, வாழ்க்கையாகத் தரப்படும் பணி மற்றொன்று. ஒன்றைக் காட்டி மற்றொன்றின் கூலியை மிச்சப்படுத்த எந்தச் சட்டமும் இடந்தரவில்லை.

நம் மண்ணின் வரலாறும் அதையே சொல்கிறது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் ஓர் ஊரில் தங்கிவிடாமல் ஊர் ஊராகச் சென்றவர். அவர் சென்ற பிறகு செபம் சொல்லிக்கொடுக்கவும், சாகுந்தறுவாயில் இருந்த குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கவும் ஊருக்கொரு பொதுநிலையாளரைக் கணக்கப்பிள்ளையாக ஏற்படுத்தினார். நம் உபதேசியார்களின் முன்னோர் அவர்கள்தாம். அவர்களுக்கு ஊதியம் வேண்டுமென்று அலைந்ததும் அவரே. போர்ச்சுக்கல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென இக்கடற்கரையிலிருந்து சென்ற தொகையை இதற்குக் கேட்டுப் பெற்றார். அரசியின் காலணியைவிட உபதேசியாரின் அடுப்பு முக்கியம் என்று அவருக்குத் தோன்றியது.

இப்போது மறுபக்கத்துக்கு வருகிறேன். ஏனெனில் உங்களில் சிலர், 'அப்படியானால் எல்லாம் பழையபடியே நடக்கட்டும்' என்று நிம்மதியடைந்திருப்பீர்கள். அப்படி நடக்கக்கூடாது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் திருத்தூதுப்பணி பற்றித் தனி ஏடு ஒன்றை 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்டது. அறுபது ஆண்டுகளாகிவிட்டன. நம் பங்கிலோ இன்னும் 'கோவில் வேலை' என்றால் ஐந்து பேருடைய வேலை, 'கோவில் காரியம்' என்றால் நான்கு குடும்பங்களுடைய காரியம் என்றே இருக்கிறது. யாருடைய தாத்தா பேரவையில் இருந்தாரோ அவருடைய பேரனே இன்றும் இருக்கிறார். கொடியேற்றத்தின்போது யார் முன்னால் நிற்பது என்பதை நாம் எந்தக் கணக்கில் தீர்மானிக்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியும்; அந்தக் கணக்கு நற்செய்தியில் இல்லை என்பதும் தெரியும். தெக்கோவா உயர்குடியினரின் கழுத்து நம் ஊரிலும் சில வீடுகளில் இருக்கிறது.

குருக்கள் ஒருவர்கூட இல்லாமல் இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் விசுவாசத்தைக் காத்த மக்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஜப்பானில் வேதகலாபனையில் குருக்களெல்லாம் மடிந்த பின், சிற்றூர்களில் மக்கள் தங்களுக்குள் பொறுப்புகளைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் திருவழிபாட்டு நாள்காட்டியைக் காத்தார். ஒருவர் திருமுழுக்குக் கொடுத்தார். 1865 மார்ச் 17 அன்று நாகசாகியின் ஓவுரா ஆலயத்துக்கு வந்து, தங்கள் இதயமும் அவருடைய இதயமும் ஒன்றே என்று பெத்தீஜான் அடிகளாரிடம் அவர்கள் தங்களை வெளிப்படுத்தினார்கள். இங்கே நான் மூன்று நாள் தியானத்துக்குச் சென்றால் நம் பங்கில் மாலைச் செபமாலைகூட நின்றுவிடுகிறது. இதற்கு நீங்கள் மட்டும் பொறுப்பல்லர். சாவிக்கொத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிற என்னைப் போன்ற பங்குத்தந்தையரும் பொறுப்பு.

சென்ற மாதம் பெயர்ப்பட்டியல் ஒட்டினோம் அல்லவா? வாசகம் வாசிக்கவும் காணிக்கை எடுக்கவும் நிறையப் பெயர்கள் வந்தன. நோயுற்றோர் சந்திப்புக்குச் சில பெயர்கள். ஆலயத் துப்புரவுக்கு நான்கே பெயர்கள், நான்கும் பெண்களுடையவை. நிதிக்கணக்கு எழுதுவதற்குப் பெண் ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை. நம் பங்கில் வங்கியில் பணிபுரியும் பெண்கள் மூவர் இருக்கிறார்கள். அவர்கள் முன்வரவில்லையா, முன்வரலாம் என்று நாம் அவர்களுக்கு உணர்த்தவில்லையா? பின்னதே உண்மை என்று நினைக்கிறேன். ஆகவே துப்புரவுக் குழுவில் முதல் பெயராக என் பெயரை எழுதியிருக்கிறேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை நான் துடைப்பத்துடன் இருப்பேன். துப்புரவு செய்யும் அம்மாவின் வேலையைப் பறிக்க அன்று. அந்த அம்மாவுக்கு வாரத்தில் ஒரு நாள்கூட விடுப்பில்லை என்பது இத்தனை நாள் எனக்கு உறைக்காதிருந்ததால்.

நம் கோவில்பிள்ளை திருமணமான நாளிலிருந்து ஒரு கிறிஸ்து பிறப்பு இரவையேனும் தம் பிள்ளைகளுடன் வீட்டில் கழித்ததில்லை. இதை அவரே எனக்குச் சொல்லவில்லை. அவர் மனைவி சொன்னார், அதுவும் நான் கேட்ட பிறகு. தன்னார்வத் தொண்டர்கள் முதலாவது செய்யவேண்டிய பணி எது என்று என்னைக் கேட்டால், வருகிற டிசம்பர் 24 இரவு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் மணியடிப்பது என்பேன்.

பேரவையில் நான் வைக்கவிருப்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐவரில் எவரும் நிறுத்தப்படமாட்டார். எழுத்தர் வேலையில் பாதி இப்போது இல்லை. பதிவேடுகள் பெரும்பாலும் கணினிக்கு மாறிவிட்டன. ஆகவே அவர் இசைந்தால் மறைக்கல்வி ஒருங்கிணைப்பையும் அவரிடமே ஒப்படைக்கலாம். அதற்கு ஊதிய உயர்வும் வேண்டும். ஐவருக்கும் பணி நேரம், விடுப்பு, ஊதியம் ஆகியவை எழுத்தில் இருக்கவேண்டும். 2025 வரை நடைமுறையில் இருந்த 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் ஓராண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்று அது வகுத்த அளவை நாமே மனமுவந்து ஏற்று, மாதந்தோறும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவரவேண்டும். பொன்னாடைகளை இனி நான் வாங்குவதில்லை.

பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். கொடியேற்றத்தன்று வெடிக்கும் வாணவேடிக்கையின் செலவை நிதிக்குழுச் செயலரிடம் கேட்டுப் பாருங்கள். அதற்குமேல் நான் எழுதினால் திருவிழாக் கமிட்டியினர் என்னோடு பேசமாட்டார்கள்.

தன்னார்வத் தொண்டர்களுக்கும் சில வரையறைகள் வேண்டும். எந்தப் பொறுப்பும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒருவரிடம் இருக்கக்கூடாது. விலகுபவர் அடுத்தவருக்குப் பழக்கிவிட்டே விலகவேண்டும். உண்டியலுக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, எண்ணும்போது மூன்று பேர். அந்தச் சாவிகளில் ஒன்றுகூட என்னிடம் இருக்கவேண்டாம். சிறுவர்களோடு பணிபுரிவோர் விசாரிக்கப்பட்டே சேர்க்கப்படவேண்டும். எவரும் ஒரு குழந்தையுடன் மூடிய அறையில் தனித்திருக்கக்கூடாது. இது எனக்கும் பொருந்தும். 'நம் பங்கில் அப்படியெல்லாம் நடக்காது' என்ற சொல்லை நான் வாதமாக ஏற்கமாட்டேன். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் அதை ஏற்காது.

ஒன்றை ஒளிவின்றிச் சொல்லவேண்டும். சட்டப்படி பங்குப்பேரவைக்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே உண்டு, முடிவு பங்குத்தந்தையுடையது. 2024 அக்டோபரில் நிறைவுற்ற ஆயர் மாமன்றம், இத்தகைய பேரவைகள் பெயரளவில் இல்லாமல் உயிருடன் இயங்கவேண்டும், அவை கட்டாயமாக்கப்படவேண்டும் என்று கேட்டிருக்கிறது. அது சட்டமாகும் வரை காத்திருக்க எனக்கு வயதில்லை. இன்னும் இரண்டு ஆண்டுகளில் எனக்கு மாற்றல் வரும். நான் போனபின் வருபவர் இவற்றையெல்லாம் ஒரே நாளில் மாற்றிவிட முடியும். எழுத்திலும், பழக்கத்திலும், உங்கள் கைகளிலும் இருப்பவற்றை மாற்றுவது மட்டுமே அவருக்குக் கடினமாயிருக்கும்.

பேரவை வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூடுகிறது. இம்முறை உறுப்பினர் மட்டுமன்றி, விரும்பும் எவரும் வந்து அமரலாம். ஐந்து பணியாளர்களும் முன்வரிசையில் இருப்பார்கள். அவர்களைப் பற்றிப் பேசுபவர்கள் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசட்டும். பெயர்ப்பட்டியல் அதுவரை சக்ரீஸ்து அறை மேசையில் இருக்கும். துப்புரவுக் குழுவில் என் பெயருக்குக் கீழே ஆண்களுக்கும் இடம் இருக்கிறது.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை